பாலிஷ் மெஷினைத் தூக்குமுன் வண்டியைப் பாருங்கள்



இது கொஞ்சம் நீளமான பதிவு. படிக்காமலே கும்பிடு பொம்மை போட்டுவிட்டுப் போகிறவர்கள் இப்போதே போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். கார் வைத்திருப்பவர்கள், பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள், முக்கியமாகக் காருக்குப் பாலிஷ் போட்டுப் பிழைக்கிறவர்கள் உட்கார்ந்து கடைசிவரை படியுங்கள்.

"ரிட்டயர் ஆன டீச்சருக்கு எதுக்கு அத்தை காரு பெயிண்ட் சமாச்சாரம்?" என்று என் அண்ணன் மகன் கேட்டான். நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்தவள்தான், இன்ஜினியர் இல்லை. ஆனால் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு முப்பது வருடத்துக்கு மேல் அறிவியல் நடத்தினேன். இந்த விஷயத்துக்கு எட்டாம் வகுப்பு அறிவியல் போதும். அது கூட இல்லாமல் வேலை நடக்கிறது என்பதுதான் என் கோபம்.

நடந்ததைச் சொல்கிறேன். பேர் யாருக்கும் வேண்டாம். கமெண்டில் வந்து "அவன்தானே டீச்சர்" என்று கேட்கவும் வேண்டாம்.

என்னிடம் ஏழாவது படித்த ஒருவன் வாடகைக்கு கார் ஓட்டுகிறான். கம்மாபுரத்திலிருந்து சிதம்பரம், புதுச்சேரி ஜிப்மர் என்று பெரும்பாலும் ஆஸ்பத்திரி சவாரி. கருநீலக் கார், ஒன்பது வருடம் ஓடியது, செகண்ட் ஹேண்டில் வாங்கினான். கதவெல்லாம் நன்றாகவே இருந்தது. டாப்பும் பானட்டும் மட்டும் திருநீறு பூசின மாதிரி வெளுத்துக் கிடந்தது. ஒரு கம்பெனியில் ஆட்களை ஏற்றி இறக்க மாதக் காண்ட்ராக்ட் கிடைக்கிற மாதிரி இருந்தது. வண்டியைப் பார்க்க வந்தவர், "இவ்வளவு மங்கலா இருந்தா எப்படி? பளிச்சுனு பண்ணிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். இவன் நேராக என்னிடம் வந்தான். நான்தான் சொன்னேன்: "விருத்தாசலம் ரோட்டுல நம்ம பையன் ஒருத்தன் கடை போட்டிருக்கான், அவங்கிட்ட குடு, ஏமாத்த மாட்டான்."

அவன் ஏமாற்றவில்லைதான். மூன்று நாள் வண்டியை வைத்துக்கொண்டு கட்டிங், பாலிஷ், அதற்கு மேல் 'செராமிக் கோட்டிங்' என்று மனமாரத்தான் செய்தான். 17,500 ரூபாய். இவன் பெண்சாதி தோட்டை அடகு வைத்துக் கொடுத்தான். வண்டி வெளியே வந்தபோது பானட்டில் முகம் தெரிந்தது. காண்ட்ராக்ட் கிடைத்தது. சரியாக ஆறு வாரம். டாப்பில் வெள்ளை வெள்ளையாகத் தீவுகள் கிளம்பின. பானட் ஓரத்தில் நீலமே போய் அடியில் சாம்பல் நிற பிரைமர் தெரிந்தது. கம்பெனிக்காரர் வேறு வண்டி பார்த்துக்கொண்டார். இவன் வந்து என் வீட்டு கேட்டில் நின்றான். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பாலிஷ் போட்டவனைக் கூப்பிட்டு விசாரித்தேன். வந்தான், கை கட்டி நின்றான். "மங்கலா இருக்குன்னு வந்தான் டீச்சர். மங்கலுக்கு கட்டிங் போடறதுதான?" என்றான்.

இந்த ஒரு வாக்கியத்தை எதிர்த்துத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். மங்கலுக்குக் கட்டிங். காய்ச்சலுக்கு ஊசி. டெங்குவா, டைபாய்டா, வெயிலில் சுற்றியதா என்று கேட்காமல் வருகிறவனுக்கெல்லாம் ஒரே ஊசியைப் போடுகிற ஆளை நாம் டாக்டர் என்றா சொல்கிறோம்?

முதலில் எதன் மேல் மெஷினை வைக்கிறோம் என்று தெரிய வேண்டும். ஒரகடம் பக்கம் கார் தொழிற்சாலையில் பெயிண்ட் ஷாப்பில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவன் ஒருவன் பொங்கலுக்கு வந்திருந்தபோது எனக்கே பாடம் நடத்தினான். (கணக்கில் 35ஐத் தாண்டாதவன். இப்போது மைக்ரானில் பேசுகிறான்.) தகரத்தின் மேல் துருப்பிடிக்காமல் ஒரு பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் கலர், எல்லாவற்றுக்கும் மேல் நிறமே இல்லாத கிளியர். இத்தனையும் சேர்த்து நூறு, நூற்றிருபது மைக்ரான் இருக்கும். ஜெராக்ஸ் எடுக்கிற தாள் ஒன்றின் தடிமன் சுமார் நூறு மைக்ரான். அதாவது காரின் மொத்த பெயிண்டும் ஒரு ஜெராக்ஸ் தாள் அளவுதான். அதில் கிளியர் மட்டும் சுமார் நாற்பது மைக்ரான். தினசரிப் பேப்பர் தாளைவிட மெல்லிசு.

பளபளப்பு, வெயிலைத் தாங்குவது, மழையைத் தாங்குவது எல்லாம் அந்த மெல்லிய கிளியரின் வேலை. புற ஊதாக் கதிரைத் தடுக்கிற மருந்தும் அதற்குள்தான் கலந்திருக்கிறது. கட்டிங் என்றால் அதைச் சுரண்டுவது என்று அர்த்தம், அழுக்கை எடுப்பது இல்லை. முரட்டு காம்பவுண்டும் கம்பளிப் பேடும் போட்டால் ஒரு தடவைக்குச் சில மைக்ரான் போய்விடும். முனைகளிலும் மடிப்புக் கோடுகளிலும் கிளியர் ஏற்கெனவே மெல்லிசாகத்தான் படிந்திருக்கும். மெஷினின் அழுத்தம் முழுக்க அங்கேதான் விழும். பானட் ஓரம் ஏன் முதலில் போனது என்று இப்போது புரிகிறதா?

போன கிளியர் திரும்ப வளராது. நகமா அது, வளர்வதற்கு?

சரி, மங்கலை எப்படிப் பார்ப்பது? பையன் கருவியெல்லாம் கொண்டுவந்திருந்தான், அதற்குப் பிறகு வருகிறேன். கருவி இல்லாமலே முக்கால்வாசி சொல்லிவிடலாம். மங்கல் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். டாப்பு, பானட், டிக்கி மேல்பக்கம் மட்டும் வெளுத்து கதவுகள் நன்றாக இருந்தால் வெயில் வேலை செய்திருக்கிறது. ஒரே ஒரு கதவோ ஒரே ஒரு ஃபெண்டரோ மட்டும் மங்கியிருந்தால் அது எப்போதோ அடிபட்டு டிங்கரிங் பார்த்து மறுபடி பெயிண்ட் அடித்தது, சந்தேகமே வேண்டாம். வீட்டில் எந்தப் பக்கம் செடிக்குத் தண்ணீர் பீச்சுகிறீர்களோ அந்தப் பக்கம் மட்டும் புள்ளி புள்ளியாக இருந்தால் தண்ணீர். வண்டி பூராவும் ஒரே சீராக, கண் உயரத்தில் அதிகமாக, கைக்கு எட்டாத டாப்பு நடுவில் குறைவாக மங்கல் இருந்தால் துடைத்த கைதான் காரணம்.

நம் ஊரில் இதையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. எதைக் கேட்டாலும் "நெய்வேலி சாம்பல் டீச்சர்" என்று ஒரே பதில். பக்கத்தில் சுரங்கமும் அனல்மின் நிலையமும் இருக்கின்றன, தூசியும் சாம்பலும் வருகின்றன, இல்லை என்று சொல்லவில்லை. காற்றிலிருந்து விழுவது பெயிண்ட்டைக் கெடுக்கும் என்பதும் உண்மை. அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்து ஜாக்சன்வில் நகரத்தில் அமில மழையும் வெயிலும் சேர்ந்து கார்களின் கிளியரில் தழும்பு போட்டதால், பெயிண்ட் கம்பெனிகள் புது கிளியரைத் தகட்டில் பூசி அந்த ஊர் வெட்டவெளியில் வைத்துச் சோதித்துப் பார்த்தன. ஆனால் என் தெருவில் ஒரே வயது கார் இரண்டு நிற்கின்றன. ஒன்று ஷெட்டில், ஒன்று வெட்டவெளியில். இரண்டின் மேலும் அதே காற்றுதான் அடிக்கிறது. ஷெட்டில் நிற்பதன் டாப்பு கண்ணாடி மாதிரி இருக்கிறது. சாம்பல் மட்டும் காரணம் என்றால் ஷெட்டுக்குள் வராமல் அது வாசலில் செருப்பு கழற்றிவிட்டு நின்றதா?

அடுத்தது கழுவுவது. நிழலில், பானட் ஆறினபிறகு, ஷாம்பு போட்டு. சிரிக்காதீர்கள். "மங்கல்" என்று சொல்கிறவற்றில் பாதி வெறும் அழுக்கு. காய்ந்தபிறகு கையில் மெல்லிய பாலிதீன் கவரை மாட்டிக்கொண்டு பானட்டை லேசாகத் தடவுங்கள். வெறும் கைக்குத் தெரியாத சொரசொரப்பு கவர் வழியாகத் தெரியும். சொரசொரவென்றிருந்தால் சாம்பலோ, சிமெண்டோ, இரும்புத் துகளோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குக் களிமண் மாதிரி ஒரு கட்டி விற்கிறார்கள், ஈரத்தோடு தேய்த்தால் எடுத்துவிடும். கட்டிங் தேவையே இல்லை.

புள்ளி புள்ளியாக வட்டம் வட்டமாக இருந்தால் நம் போர் தண்ணீர். குளியலறைக் குழாயில் வெள்ளைப் பொருக்கு பிடிக்கிறதே, அதே உப்புதான் வெயிலில் காய்ந்து கார் மேல் உட்கார்ந்திருக்கிறது. எட்டாம் வகுப்பில் சுண்ணாம்புக் கல்லில் அமிலம் விட்டுக் காட்டினேனே, நுரைத்துக் கரைந்ததே, ஞாபகம் இருக்கிறதா? வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, ஒரு சின்ன இடத்தில் மட்டும் துணியால் ஒற்றி, காயவிடாமல் உடனே நல்ல தண்ணீரால் கழுவுங்கள். போய்விட்டால் பத்து ரூபாயில் முடிந்தது. போகாமல் வட்டத்தின் தடம் பள்ளமாக நின்றால் கிளியரையே அரித்திருக்கிறது. அப்போதுதான் பாலிஷைப் பற்றி யோசிக்க வேண்டும். காக்கை எச்சமும் இதே கதை. பார்த்த உடனே நனைத்து எடுக்க வேண்டும், சாயங்காலம் எடுத்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது.

இனி எனக்குப் பிடித்த சோதனை. ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் எடுத்து மங்கலான இடத்தில் அடியுங்கள். பஜ்ஜி வைத்த பேப்பரில் எண்ணெய் பட்ட இடம் கண்ணாடி மாதிரி ஆகிறதில்லையா? பேப்பர் நாருக்கு இடையில் இருந்த காற்றை எண்ணெய் நிரப்புவதால் ஒளி சிதறுவது குறைகிறது. இங்கேயும் அதேதான். காற்றின் ஒளிவிலகல் எண் 1, தண்ணீருக்கு 1.33, கிளியருக்குச் சுமார் 1.5. மேல்பரப்பில் உள்ள நுண்ணிய கீறல்களைத் தண்ணீர் நிரப்பினால் மங்கல் மறைந்து கலர் பளிச்சென்று தெரியும், காய்ந்தால் திரும்பி வரும். அப்படியென்றால் கோளாறு மேல்தோலில், பாலிஷ் கேட்கும். நனைத்தபிறகும் பால் கலந்த மாதிரியோ, மெல்லிய வெடிப்பு வெடிப்பாகவோ உள்ளே நின்றால் கோளாறு கிளியருக்குள்ளேயே இருக்கிறது. எவ்வளவு தேய்த்தாலும் வராது, தேயத்தான் செய்யும்.

ஒரு எச்சரிக்கை. கிளியர் முழுக்க உரிந்துபோன இடமும் நனைத்தால் கறுத்து அழகாகத்தான் தெரியும். அதனால் தண்ணீரை மட்டும் நம்பாதீர்கள். வெள்ளைத் திட்டின் ஓரத்தில் நகத்தை வைத்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். நகம் தட்டினால் அங்கே கிளியர் முடிகிறது. அந்த பேனலுக்கு மறுபடி பெயிண்ட் அடிப்பது ஒன்றே வழி, அல்லது அப்படியே விட்டு ஓட்டுவது. நடுவில் எந்த மருந்தும் கிடையாது. இருக்கிறது என்று யார் சொன்னாலும் அவர் விற்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய லாரி, டிராக்டர், சில பழைய கார்களில் கிளியரே இருக்காது, கலரே மேலே இருக்கும். மறைவான ஓரத்தில் வெள்ளைத் துணியில் கொஞ்சம் பாலிஷ் வைத்துத் தேய்த்தால் துணியில் வண்டியின் நிறம் ஏறும். அப்படி ஏறினால் அதற்கு வைத்தியமே வேறு, வெளுத்த மேல்தோலை லேசாக எடுத்தால் உள்ளே கலர் இருக்கிறது. முந்தின காலத்துப் பட்டறைக்காரர்கள் எல்லாவற்றையும் தேய்த்தே பழகியதற்கு இதுதான் காரணம். இன்றைக்கும் நாம் 'டூகோ பெயிண்ட்' என்கிறோமே, அது 1920களில் வந்த ஒரு லேக்கர் பெயிண்டின் வியாபாரப் பெயர். அந்த லேக்கர் தேய்க்கத் தேய்க்க மின்னும். கைப்பழக்கம் அங்கேயே நின்றுவிட்டது, பெயிண்ட் மாறிவிட்டது.

இப்போது கருவி. காந்தத்தால் அளக்கிற சின்னப் பெட்டி, பெயிண்டின் தடிமனைச் சொல்லும். நூறை ஒட்டி வந்தால் கம்பெனி பெயிண்ட், இருநூறைத் தாண்டினால் மறுபடி அடித்தது, ஐந்நூறு அறுநூறு என்றால் உள்ளே பட்டி இருக்கிறது. பிளாஸ்டிக் பம்பரில் வேலை செய்யாது. கிளியரை மட்டும் தனியாகவும் காட்டாது, மொத்தத்தைத்தான் சொல்லும். அப்படியும் அது ஒரு கண். நம் கருநீலக் காரில் வைத்துப் பார்த்தோம். கதவில் 110ஐ ஒட்டி வந்தது. டாப்பில் எங்கே வைத்தாலும் 80ஐத் தாண்டவில்லை. முன்னால் வைத்திருந்தவரும் ஓரிரு தடவை கட்டிங் போட்டிருக்க வேண்டும். நம் பையன் போட்டது கடைசி அடி. மெஷினைத் தொடுவதற்கு முன்னால் இரண்டு நிமிடம் இதைச் செய்திருந்தால் தோடு பீரோவில் இருந்திருக்கும். சாதாரணப் பெட்டி மூவாயிரம் ரூபாய் சுமாருக்கே கிடைக்கிறது. மெஷினுக்கும் பேடுக்கும் போர்டு லைட்டுக்கும் லட்சம் போட்டவனுக்கு இது மட்டும் செலவாகத் தெரிந்திருக்கிறது.

செராமிக் கோட்டிங் விஷயத்துக்கு வருகிறேன். நாம் செராமிக் ஊர்க்காரர்கள். விருத்தாசலத்தில் சூளை தெரியாதவர் உண்டா? பொம்மை, டீ கப், பியூஸ் கேரியர் எல்லாம் ஆயிரம் டிகிரிக்கு மேல் வெந்து வருவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நீங்கள். அந்த நம்பிக்கையில்தான் "செராமிக்" என்றதும் தலையாட்டுகிறீர்கள். கார் மேல் பூசுவது பாட்டிலில் வரும் திரவம். சிலிக்கா சார்ந்த வேதிப்பொருள், துணியால் தடவி சாதாரண வெப்பத்தில் காயவைப்பது. தடிமன் ஒரு மைக்ரான் இருந்தால் பெரிது. தண்ணீர் ஒட்டாமல் உருண்டு ஓடும், கழுவ சுலபம், அதெல்லாம் நிஜம். நல்ல கிளியர் மேல் பூசினால் பிரயோசனம் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் செத்த கிளியருக்கு அது உயிர் கொடுக்காது. நம் சூளையில் உள்ளே வெடித்த கப்பின் மேல் கிளேஸ் பூசினால் கப்பு சேர்ந்துவிடுமா?

பாட்டில் மேல் "9H" என்று போட்டிருக்கும். கடையில் கேட்டால் "வைரத்துக்கு அடுத்த கடினம்" என்கிறார்கள். ஐயா, வைரம் 10, குருந்தம் 9 என்பது மோஸ் அளவுகோல், கனிமங்களுக்கு. 9H என்பது பென்சில். ஆமாம், நீங்கள் படம் வரைந்த HB, 2H வரிசையில் 9H. அந்தப் பென்சிலால் கீறினால் கோடு விழவில்லை என்று அர்த்தம். ரோட்டு மணல் குவார்ட்ஸ், மோஸ் அளவில் 7. அது உங்கள் 9H-ஐச் சட்டை செய்யாமல் கீறும். அறிவியல் டீச்சரிடம் படித்துவிட்டு இதைச் சொல்லி விற்கிறவனை என்ன செய்வது?

இன்னொன்று, இது கொஞ்சம் கசப்பு. சில பாலிஷ்களில் எண்ணெயும் நிரப்பியும் கலந்திருக்கும். கீறலை எடுக்காமல் அடைத்துவிடும். டெலிவரி எடுக்கும்போது மின்னும், இரண்டு மூன்று வாட்டர் வாஷில் பழையபடி சிலந்தி வலை வந்துவிடும். வண்டியை எடுக்கும்போது ஸ்பிரிட் கலந்த தண்ணீரால் ஒரு இடத்தைத் துடைக்கச் சொல்லுங்கள். பிறகு வெயிலில் நிறுத்தியும், செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்தும் பாருங்கள். நேர்மையான கடைக்காரன் தானே துடைத்துக் காட்டுவான். வில் மாதிரி வளைந்த ஒளிக்கோடுகள் நீங்கள் நடக்க நடக்கக் கூடவே நகர்ந்தால், அது மெஷின் போட்ட கீறல். மங்கலை எடுக்க வந்தவன் புது மங்கலைக் கொடுத்திருக்கிறான்.

பாலிஷ் கடைப் பிள்ளைகளின் பக்கமும் கேட்டேன். "டெஸ்ட் எல்லாம் பாத்துட்டு, இதுக்கு பாலிஷ் போட முடியாதுன்னு சொன்னா கஸ்டமர் அடுத்த கடைக்குப் போயிடறான் டீச்சர். அவன் போட்டுக் குடுக்கறான். எனக்கு வாடகை யார் தர்றது?" என்றான். இதற்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. உண்மை அதில் இருக்கிறது. வாசலில் நின்றுகொண்டு "நாளைக்குக் கல்யாணம், பளபளன்னு வேணும்" என்கிறவன் நாம்தான். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். பார்த்துச் சொல்வதற்கே இருநூறு ரூபாய் வாங்கேன்? டாக்டர் பார்ப்பதற்கு பீஸ் வாங்கவில்லையா? "இந்த டாப்புக்குப் பாலிஷ் ஆகாது, பெயிண்ட்தான், மீதிக்கு லேசாகப் போட்டால் போதும்" என்று ஒரு தாளில் எழுதிக் கொடு. அடுத்த கடையில் தேய்த்து உரிந்தபிறகு அந்தத் தாளோடு உன்னிடம்தான் வருவான்.

சொந்தக்காரர்களே, உங்களையும் விடுவதாக இல்லை. காலையில் எழுந்ததும் ராத்திரி விழுந்த தூசியைப் பழைய வேட்டியால் வறட்டுத் துடைப்பு துடைக்கிறீர்களே, அதைவிட வாட்டர் பேப்பரால் தேய்த்துவிடலாம். சிலந்தி வலைக் கீறலில் பெரும்பங்கு அதனால் வருவதுதான். நானும் என் பழைய பருத்திப் புடவையால் எங்கள் காரை இப்படித்தான் பல வருடம் "பார்த்துக்கொண்டேன்". டார்ச் அடித்துப் பார்த்த அன்று எனக்கே வெட்கமாகிவிட்டது. தூசி இருந்தால் இருக்கட்டும். தண்ணீர் ஊற்றாமல் துடைக்காதீர்கள்.

புதுசாகப் பெயிண்ட் அடித்தும் மங்குகிறதே என்று கேட்டவர்களுக்கு: ஐப்பசி கார்த்திகை மழையில் திறந்த பட்டறையில் லேக்கர் அடித்தால் தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் அதன்மேல் படியும், பால் மாதிரி பூக்கும். ஹார்டனர் கலந்த கிளியரில் வேறு வில்லங்கம். ஒரு கோட்டு காய்வதற்குள் அடுத்ததைக் கனமாக அடித்தால் உள்ளே மாட்டிக்கொண்ட தின்னர் வாரக்கணக்கில் வெளியேறி, பளபளப்பு மெல்லச் செத்துப்போகும். தொழிற்சாலையில் கிளியரைச் சுமார் 140 டிகிரியில் சுடுகிறார்கள். பட்டறையில் அறை இருந்தால் 60, இல்லாவிட்டால் நம் வெயில்தான். அதனால் அவசரப்படுத்தாதீர்கள். "நாளைக்கே வேணும்" என்று நிற்கிறவருக்கு நாளைக்கு மட்டும் மின்னும் வண்டிதான் கிடைக்கும்.

அந்த ஹார்டனரைப் பற்றி ஒரு வார்த்தை, பளபளப்பைவிட இது பெரிது. அதில் ஐசோசயனேட் இருக்கிறது. 1984இல் போபாலில் கசிந்ததும் அந்தக் குடும்பத்து வாயுதான். அது வேறு பொருள், இதற்கு அந்த வேகம் கிடையாது. ஆனால் ஸ்ப்ரே அடிக்கும்போது மூச்சில் போகப்போக ஆஸ்துமா வரும். வந்தவருக்கு அதன்பிறகு கொஞ்சம் பட்டாலே மூச்சு முட்டும். மூக்கில் கர்ச்சீப் கட்டிக்கொண்டு கிளியர் அடிக்கிற பிள்ளைகளை விருத்தாசலத்தில் என் கண்ணாலேயே பார்த்தேன். கர்ச்சீப் எதையும் தடுக்காது. பட்டறை முதலாளியாக இருக்கும் என் மாணவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். நேரில் வந்து பார்ப்பேன்.

கருநீலக் காருக்கு டாப்பும் பானட்டும் மறுபடி பெயிண்ட் அடித்தாயிற்று. வயசான பெயிண்டர் ஒருவர் அவசரப்படாமல் அடித்துக் கொடுத்தார், 11,000 ரூபாய். முதலிலேயே அவரிடம் போயிருந்தால் அதோடு முடிந்திருக்கும். பாலிஷ் போட்டவன் பாதி கொடுத்தான், நான் கேட்காமலே. மீதியில் ஒரு பங்கு நான் கொடுத்தேன், அனுப்பி வைத்தது நான்தானே. காண்ட்ராக்ட் திரும்பி வரவில்லை. தோடு இன்னும் அடகில்தான் இருக்கிறது. புதுச்சேரி, சிதம்பரம் சவாரி யாருக்காவது இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், நம்பர் தருகிறேன். நிதானமாக ஓட்டுவான்.

பாலிஷ் கடைக்காரன் தடிமன் பார்க்கிற பெட்டி வாங்கிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டு வேப்பமரத்தடிக்கு எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறான். மங்கல் வண்டி வைத்திருப்பவர்கள் கழுவிக் கொண்டுவாருங்கள். ஸ்ப்ரே பாட்டில், வெள்ளைத் துணி, டார்ச், வினிகர் என்னிடம் இருக்கின்றன. காசு கிடையாது, காபி உண்டு. எட்டு மணிக்குள் வந்துவிடுங்கள். அதற்குமேல் பானட் சுடும், தெளிக்கிற தண்ணீர் பார்ப்பதற்குள் காய்ந்துவிடும்.